பினாங்கு ஜார்ஜ்டவுன்: புதிதாக வருகிறவர்களுக்கு, கடற்கரையிலிருந்து தொடங்கும் ஒரு வழிகாட்டி

படிக்கவோ வேலைக்கோ சுற்றிப் பார்க்கவோ மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு வருகிற நம்மவர்களில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். விமானத்தில் இறங்குகிறார்கள், ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் ஓவியத்தின் முன்னால் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள், லிட்டில் இந்தியாவில் தோசை சாப்பிட்டுவிட்டு "நம்ம ஊர் மாதிரியே இருக்கு" என்று சொல்லிக்கொண்டு அறைக்குத் திரும்புகிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் தீவின் தலைநகரான இந்த ஜார்ஜ்டவுன் எப்படி உருவானது, யார் யார் சேர்ந்து உருவாக்கினார்கள், அதில் நம் பங்கு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் தெருக்களிலேயே கிடக்கிறது, வரிசையாக நடந்தால் தானாகப் புரிந்துவிடும். அந்த வரிசையைத்தான் இங்கே சொல்கிறேன். உலகப் பாரம்பரியச் சின்னமாக 2008 ஜூலை 7 அன்று அறிவிக்கப்பட்ட பகுதியில் மையப்பகுதி மட்டும் சுமார் 109 ஹெக்டேர்தான், எல்லாவற்றையும் கால்நடையாகவே பார்த்துவிடலாம். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள், வெயில் உங்களை விடாது. காலை ஏழரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் நிறுத்திக்கொண்டு, நாலரைக்கு மேல் மறுபடி கிளம்புங்கள். பையில் குடை எப்போதும் இருக்கட்டும், மழை சொல்லிக்கொண்டு வராது.

முதல் வேலை: படகில் வந்து இறங்குங்கள்

கோலாலம்பூரிலிருந்து வருகிறீர்கள் என்றால் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த் வரை ரயிலில் வாருங்கள். ரயில் நிலையத்திலிருந்து ஃபெர்ரித் துறை நடக்கிற தூரம்தான். விமானத்தில் வந்து இறங்கியவர்களும் ஒரு நாள் அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வாருங்கள், பத்துப் பதினைந்து நிமிடப் பயணம்தான். கட்டணம் செலுத்த டச் அன் கோ என்ற பண அட்டை கையில் இருந்தால் சுலபம்.

படகில் நிற்கும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் தீவின் மலை, மறு பக்கம் தீபகற்பத்தின் கரை, நடுவில் குறுகலாக, அலை அதிகமில்லாத நீர். இந்த ஊர் இங்கே இருப்பதற்குக் காரணமே இந்த நீர்தான். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடுவே கப்பல்களைப் பழுதுபார்க்கவும் காற்று மாறும்வரை காத்திருக்கவும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையில் நம் சென்னை இருந்தும், அங்கே அன்றைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது, கப்பல்கள் நடுக்கடலில்தான் நிற்கும். இங்கே தீவே காற்றைத் தடுத்து நிற்கிறது.

இறங்கியதும் நீங்கள் மிதிக்கிற வெல்ட் கீ சாலை ஒரு காலத்தில் கடல். 1880களில் கடலைத் தூர்த்துத்தான் அந்த நிலத்தை எடுத்தார்கள். பழைய கரை இன்னும் உள்ளே இருக்கிற பீச் ஸ்ட்ரீட். இன்றைக்கு அங்கே கடலும் இல்லை, கரையும் இல்லை, வங்கிக் கட்டடங்கள்தான் வரிசையாக நிற்கின்றன. ஆனால் அந்தத் தெருவில் நின்றுகொண்டு, இதுதான் கரை, படகுகள் இங்கேதான் முட்டி நின்றன என்று மனதில் வைத்துக்கொண்டால் பாக்கி எல்லாத் தெருக்களும் ஏன் அப்படி ஓடுகின்றன என்பது விளங்கிவிடும்.

தெருப் பெயர் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். பலகையில் மலாய்ப் பெயர் இருக்கும், பெரியவர்கள் வாயில் பழைய ஆங்கிலப் பெயர் வரும். லெபு பந்தாய் என்றாலும் பீச் ஸ்ட்ரீட் என்றாலும் ஒன்றுதான், லெபு பசார் என்பது மார்க்கெட் ஸ்ட்ரீட். பிட் ஸ்ட்ரீட் இப்போது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். இரண்டையும் குறித்து வைத்துக்கொண்டால் வழி கேட்கும்போது தடுமாற மாட்டீர்கள்.

அடுத்து: கோட்டை, ஆனால் சீக்கிரம் முடித்துவிடுங்கள்

படகுத் துறையிலிருந்து வடக்கே கடலோரமாக நடந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786 ஜூலையில் கம்பெனி சார்பில் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் இங்கே வந்து இறங்கி, ஆகஸ்ட் 11 அன்று பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். முதலில் நிபோங் பனைமரக் கழிகளால் வெறும் வேலி அடைப்பு. செங்கல் சுவரெல்லாம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கைதிகளின் உழைப்பில் எழுந்தது. இந்தக் கோட்டை எந்தப் போரையும் பார்த்ததில்லை, உள்ளே பார்க்கப் பெரிதாக ஒன்றும் கிடையாது, 1603 தேதியிட்ட ஸ்ரீ ரம்பாய் என்ற டச்சுப் பீரங்கியை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

தெரிந்துகொள்ள வேண்டியது கோட்டைக்கு வெளியே நடந்த கதை. தீவு எதிர்க்கரையிலிருந்த கெடா நாட்டுச் சுல்தானுடையது. சயாமிடமிருந்து (இன்றைய தாய்லாந்து) ஆபத்து வந்தால் கம்பெனி படை உதவி செய்யும் என்ற நம்பிக்கையில்தான் சுல்தான் இடம் கொடுத்தார். கம்பெனி அந்த உதவியைச் செய்யவே இல்லை. 1791இல் சுல்தான் தீவை மீட்கப் படை திரட்டித் தோற்றார், பிறகு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்று ஒப்பந்தம் எழுதப்பட்டது. 1800இல் எதிர்க்கரை நிலத்தையும் எடுத்துக்கொண்டபோது அது 10,000 ஆனது. ஏமாற்றுக் கணக்கில் தொடங்கிய ஊர் இது. அதை மறந்துவிட்டு வெள்ளைக்காரக் கட்டடங்களின் அழகை மட்டும் பேசுவது நியாயமில்லை.

கோட்டைக்குப் பக்கத்துத் திடலில் நின்று கடலைப் பார்த்தால் இன்னொரு செய்தி. 1914 அக்டோபர் 28 விடியற்காலையில் ஜெர்மானியக் கப்பல் எம்டன் இந்தத் துறைமுகத்துக்குள்ளேயே புகுந்தது. போலியாக ஒரு புகைபோக்கி வைத்து வேஷம் போட்டு வந்து ரஷ்யாவின் ஜெம்சுக் கப்பலை மூழ்கடித்தது, வெளியே போகும்போது பிரெஞ்சுக் கப்பல் மஸ்கேவையும் முடித்துவிட்டுப் போனது. செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு வீசிய அதே எம்டன்தான்.

முக்கியமான நடை: பிட் ஸ்ட்ரீட்

இதற்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள். வடக்கு முனையில் தொடங்கித் தெற்கே வாருங்கள். 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் முதலில் வரும். வெள்ளைத் தூண்கள், பெரிய மரங்கள். அதைக் கட்டிய கைகளும் இந்தியக் கைதிகளின் கைகள்தான். அடுத்து சீனர்களின் குவான் யின் கோயில், 1800 வாக்கில் ஹொக்கியன் மக்களும் கன்டோனிய மக்களும் சேர்ந்து எழுப்பியது. ஆள் உயரத்துக்கும் மேலான ஊதுபத்திகள் வாசலில் புகைந்துகொண்டிருக்கும், கண் எரியும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில் நம் மகா மாரியம்மன் கோயில். பிட் ஸ்ட்ரீட் பக்கம் தெரிவது கோயிலின் முதுகு, வாசல் குயின் ஸ்ட்ரீட்டில். 1833இல் கோயிலாக எழுந்தது, அதற்கு முன்பே சின்னச் சன்னதியாக வழிபாடு இருந்திருக்கிறது. அதையும் தாண்டினால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல்.

இந்த நான்கும் ஒரே தெருவில் இருப்பதை "மத நல்லிணக்கத் தெரு" என்று சுற்றுலாப் பலகைகள் சொல்கின்றன. அழகான பெயர்தான். ஆனால் இது யாரோ உட்கார்ந்து திட்டமிட்டு நல்லிணக்கத்துக்காக அமைத்த தெரு இல்லை. கம்பெனிக்கு இங்கே குடியேற ஆள் வேண்டும், வரி இல்லாத துறைமுகம் என்று அறிவித்து யார் வந்தாலும் இடம் கொடுத்தது. வந்தவர்கள் முதலில் கேட்டது கும்பிட ஒரு இடம், தங்கள் ஆளைப் புதைக்க ஒரு இடம். கப்பலில் வந்து கரை ஏறிய அந்நியர்களுக்கு வேறு என்ன உடனடியாகத் தேவைப்படும்? பக்கத்துப் பக்கத்தில் நிலம் கிடைத்தது, பக்கத்துப் பக்கத்தில் கட்டினார்கள், இரண்டு நூற்றாண்டுகளாக ஒருவர் மணியையும் மற்றவர் பாங்கையும் கேட்டுப் பழகிவிட்டார்கள். திட்டமிட்ட ஒற்றுமையைவிட இப்படி வாழ்ந்து பழகிய பழக்கம் கெட்டியானது என்று நான் நினைக்கிறேன்.

பள்ளிவாசலில் நிதானமாக நில்லுங்கள். இதை 1801இல் தொடங்கியவர் காதர் மைதீன், பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த கடலோடி, வணிகர். தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக, கப்பித்தானாகக் கம்பெனி அவரை நியமித்தது. கல்லும் கொத்தனார்களும் இந்தியாவிலிருந்தே வந்ததாகச் சொல்வார்கள். இப்போது தெரிகிற மொகலாயப் பாணிக் குவிமாடங்கள் 20ஆம் நூற்றாண்டில் திருத்திக் கட்டியபோது வந்தவை. உள்ளே போகலாம், தொழுகை நேரம் தவிர்த்து, வெள்ளிக்கிழமை மதியம் தவிர்த்து. கை கால் மூடிய உடை வேண்டும். பெண்கள் தலையை மூடத் துணி கொண்டு போங்கள். அவருடைய அடக்க இடம் பக்கத்தில் கம்போங் கோலாம் தெருவில் இருக்கிறது, பார்க்க வருகிறவர்கள் குறைவு.

அங்கிருந்து சூலியா தெருவுக்குத் திரும்பி, கிங் ஸ்ட்ரீட் முனையில் ஒரு சின்னப் பச்சை வெள்ளைக் கட்டடத்தைத் தேடுங்கள். நாகூர் தர்கா. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகூர் ஆண்டவர் நினைவாக இங்கே எழுப்பியது. உள்ளே அடக்கம் எதுவும் கிடையாது. நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது அங்கே வேண்டிக்கொண்டவர்கள் பத்திரமாக வந்து சேர்ந்த பிறகு நன்றி சொல்ல ஓர் இடம் வேண்டாமா, அதற்குத்தான் இது. சிங்கப்பூரிலும் இப்படி ஒன்று உண்டு.

நம்மவர்கள் என்றால் ஒரே கூட்டம் இல்லை

இங்கே இருக்கும் தமிழர்களை எல்லாம் தோட்டத் தொழிலாளிகளின் வாரிசுகள் என்று நினைத்துக்கொண்டுதான் பலர் வருகிறார்கள். அந்த எண்ணத்தைப் படகுத் துறையிலேயே விட்டுவிடுங்கள். லைட் வந்த சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரை மரைக்காயர்கள் இங்கே கடை போட்டுவிட்டார்கள். மலாய்ப் பெண்களை மணந்த தமிழ் முஸ்லிம்களின் வழியில் வந்தவர்கள் ஜாவி பெரனாக்கன் என்ற தனிச் சமூகமாகவே ஆனார்கள், வீட்டில் பேசுவது மலாய். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் ஒரு பெரிய கூட்டம். பினாங்கு ஸ்ட்ரீட்டில் நகரத்தார் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் நடத்தினார்கள். ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் சலவைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றும் உண்டு, டோபி காட் என்று கேட்டால் வழி சொல்வார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், இலங்கையிலிருந்து வந்த எழுத்தர்கள் எல்லாம் தனித்தனிக் கதை. பிற்காலத்தில் ரஜுலா கப்பலில் வந்தவர்களைப் பற்றிக் கேட்டால் இன்றும் வயதானவர்கள் முகம் மலரும். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1926 தொடங்கி 1973 வரை ஓடிய கப்பல் அது. தொழிலாளிகளாக வந்தவர்கள் நேராக ஊருக்குள் வர முடியாது, ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தி வைத்துப் பார்த்த பிறகுதான் விடுவார்கள்.

இன்னும் ஒரு கூட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், பலகை எதுவும் அவர்களைச் சொல்வதில்லை. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, 1802இல் தூத்துக்குடியிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்ட போராளிகளைக் கம்பெனி இந்தத் தீவுக்கு நாடு கடத்தியது. சின்ன மருதுவின் மகன் துரைசாமி அவர்களில் ஒருவர், அப்போது சிறுவன். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வருகிற யாரும் கோட்டைத் திடலில் நிற்கும்போது இதை நினைக்காமல் போகக்கூடாது.

அப்புறம் சீனர் பகுதி

பிட் ஸ்ட்ரீட்டைத் தொடர்ந்து தெற்கே போனால் கேனன் ஸ்ட்ரீட். அதிலிருந்து குறுகலான ஒரு சந்து வழியாக நுழைந்தால் திடீரென்று பெரிய கல் முற்றம் திறக்கும், அதுதான் கூ கொங்சி, கூ குலத்தவரின் குலக்கோயில். முன்பிருந்த கட்டடம் 1901இல் தீப்பிடித்து எரிந்தது, அரண்மனைக்குப் போட்டியாகக் கட்டியதால் தெய்வங்களுக்கே பொறுக்கவில்லை என்று ஊர் பேசிக்கொண்டது. 1906இல் இப்போதைய கட்டடத்தை முடித்தார்கள். நுழைவுக் கட்டணம் உண்டு, கொடுங்கள், தகும். கூரைச் சிற்பங்களை எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள், நீங்கள் வாசலில் கல்லில் நிற்கும் சீக்கியக் காவலர்களையும் பாருங்கள். சீனக் குலக்கோயிலுக்குத் தலைப்பாகை கட்டிய காவலாளி, அதுவும் சிலையாக. இந்த ஊரை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஒரு கல் வேறெங்கும் எனக்குத் தெரியாது.

முற்றத்தைச் சுற்றி வீடுகள், வெளியே போகச் சில சந்துகள் மட்டும். அடைத்துவிட்டால் கோட்டை. அந்தக் காலத்தில் அது தேவைப்பட்டது. 1867 ஆகஸ்டில் பத்து நாள் இந்தத் தெருக்களில் பெரும் கலவரம் நடந்தது. கீ ஹின் என்ற ரகசியச் சங்கம் ஒரு பக்கம், துவா பெக் கோங் மறு பக்கம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், வெள்ளைக் கொடி என்ற மலாய் முஸ்லிம் சங்கம் கீ ஹின்னுடனும், சிவப்புக் கொடிச் சங்கம் துவா பெக் கோங்குடனும் சேர்ந்து நின்றன. அதாவது சண்டைகூட இனத்துக்கு இனம் நடக்கவில்லை, தொழிலுக்கும் ஆதிக்கத்துக்கும் நடந்தது. கொஞ்சம் தள்ளி ஆச்சே தெருவில் 1808இல் எழுந்த பள்ளிவாசல் இருக்கிறது, ஹஜ் யாத்திரைக்குக் கப்பலேற சுமத்ராவிலிருந்தெல்லாம் இங்கே வந்து தங்குவார்கள். அதன் மினாரில் இருக்கிற வட்டத் துளையை அந்தக் கலவரத்தில் பாய்ந்த குண்டு போட்டது என்பார்கள்.

ஆர்மேனியன் ஸ்ட்ரீட் 120ஆம் எண் வீட்டில் 1910இல் சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட் சென் தன் புரட்சி வேலைகளை நடத்தினார். ஓவியத்துக்கு வரிசையில் நிற்கிற நேரத்தில் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். ஓவியம் 2012இல் வந்தது, வீடு அதற்கு ரொம்ப முன்பே வரலாற்றில் இடம் பிடித்துவிட்டது.

மாலையில் வெல்ட் கீயில் குலத் துறைகளுக்குப் போங்கள். நீரில் கால்கள் ஊன்றிய மர வீடுகள், சூ, லிம், டான், லீ, இயோ என்று குலத்துக்கு ஒரு துறை. சூ துறைதான் பெரியது, கூட்டமும் அங்கேதான். இவை காட்சிக்கூடங்கள் இல்லை, மக்கள் சமைத்துத் துணி உலர்த்தித் தூங்குகிற வீடுகள். கதவு திறந்திருக்கிறது என்று உள்ளே கேமராவை நீட்டாதீர்கள், இருட்டிய பிறகு நடமாடாதீர்கள். சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு மட்டும் விதிவிலக்கு. நள்ளிரவில் ஒன்பதாம் நாள் பிறக்கும்போது கரும்பு கட்டி விண்ணரசரை வழிபடுவார்கள், விருந்தாளிகளையும் அன்றைக்கு வரவேற்பார்கள்.

சாப்பாடு: நாசி கண்டார் கடையில் எப்படிக் கேட்பது

இந்த ஒன்றை விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் நாள் எல்லோரும் இங்கேதான் திணறுகிறார்கள். தோளில் கம்பு வைத்து இரண்டு பக்கமும் பானை தொங்கவிட்டு, ஒன்றில் சோறு, மற்றொன்றில் குழம்பு என்று துறைமுகத் தொழிலாளர்களிடம் தமிழ் முஸ்லிம்கள் விற்ற சாப்பாடுதான் நாசி கண்டார். இன்றைக்குக் கடைக்குள் வந்துவிட்டது. உட்கார்ந்துகொண்டு யாராவது வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள், நேராக வரிசையில் போய் நில்லுங்கள். முதலில் சோறு. பிறகு எது வேண்டுமோ கையைக் காட்டுங்கள், கோழி, மீன், கணவாய், வெண்டைக்காய், அவித்த முட்டை. கடைசியில் குழம்பு. நாலைந்து சட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒன்றாக ஊற்றுவார்கள், அந்தக் கலவைதான் இதன் உயிர். நிறைய வேண்டுமென்றால் "பஞ்சிர்" என்றால் போதும், சோறு மூழ்குகிற அளவுக்கு ஊற்றிவிடுவார்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இங்கே கவனம். கலவையில் மாட்டுக் குழம்பும் சேர்ந்துவிடும். கரண்டியைத் தூக்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், பல கடைகளில் தமிழிலேயே "அண்ணே, மாட்டுக் குழம்பு வேண்டாம்" என்றால் புரியும், புரியவில்லை என்றால் "தாக் நாக் குவா டாகிங்". பெரிய இறால், மீன் முட்டை இவற்றுக்கு விலையை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தட்டைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

சீனக் காப்பிக் கடையில் முறை வேறு. பானம் கடைக்காரரிடம், சாப்பாடு அவரவர் தள்ளுவண்டியில், மேசை எண்ணைச் சொல்லிவிட்டு வந்து உட்கார வேண்டும். சார் குவே தியா என்ற வறுத்த நூடுல்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். அசாம் லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பை விடாதீர்கள், மீனும் புளியும் இஞ்சிப்பூவும் புதினாவும் சேர்ந்த அந்தப் புளிப்பு நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். சைவர்களுக்கு லிட்டில் இந்தியா இருக்கிறது.

பேச்சில் ஒரு சின்ன ஒழுங்கு: வயதான சீனர்களை அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிடலாம், மலாய்க்காரர்களைப் பாக்சிக், மாக்சிக். நம்மவர்களுக்கு அண்ணே, அக்கா. இதைச் செய்தாலே பாதி ஊர் உங்களுடன் பேச ஆரம்பித்துவிடும்.

வீடுகளைப் பார்க்கும்போது

கடைவீடுகளின் முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதை இருக்கும். வெயிலுக்கும் மழைக்கும் அதுதான் உங்கள் வழி, நடுநடுவே மோட்டார் சைக்கிள்கள் மறித்தால் இறங்கி ஏறுங்கள். இவ்வளவு பழைய வீடுகள் எப்படித் தப்பின என்று கேட்டால், பெரும் பங்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு. 1966 சட்டப்படி வாடகையை ஏற்ற முடியாது, இடித்துக் கட்டுவதில் சொந்தக்காரருக்கு லாபமில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். 1969இல் வரியில்லாத் துறைமுக உரிமையும் போனது, வேலைகள் குறைந்தன. 1972 முதல் பாயான் லெபாஸில் தொழிற்சாலைகள் வந்ததும் ஊரின் கவனமே தெற்குப் பக்கம் திரும்பியது. 2000இல் அந்தச் சட்டம் நீங்கியபோது வாடகை ஏறி, தலைமுறை தலைமுறையாக இருந்த தச்சர்களும் தையல்காரர்களும் மாவு அரைப்பவர்களும் வெளியேற வேண்டி வந்தது. இன்றைக்கு அந்த வீடுகள் பலவற்றில் விடுதியும் காப்பிக் கடையும். எனக்கு இதில் வருத்தம் உண்டு. அதனால் ஒரு வேண்டுகோள்: வாங்குவதை முடிந்தவரை பழைய கடைகளில் வாங்குங்கள், சௌராஸ்தா சந்தையில் ஜாதிக்காய் ஊறுகாய், லிட்டில் இந்தியாவில் பூ, மசாலா, சூலியா தெருவில் பழைய புத்தகம். நீங்கள் கொடுக்கிற பத்து ரிங்கிட் அங்கே இன்னும் யாரையோ நிறுத்தி வைக்கிறது.

தைப்பூசத்துக்கு வருகிறவர்களுக்கு

அறையை மாதங்களுக்கு முன்பே பிடித்துவிடுங்கள். பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதம் தைப்பூசத்துக்கு முதல் நாள் காலையிலேயே புறப்பட்டு, தண்ணீர்மலைப் பக்கம் 1857இல் அவர்கள் கட்டிய கோயிலுக்குப் போகும். 2017 முதல் குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதமும் போகிறது. ரதம் வருவதற்கு முன்னால் சாலையில் மலை மாதிரி தேங்காய் குவித்து உடைப்பார்கள், உடைக்கிறவர்களில் சீனர்கள் ஏராளம், குடும்பத்தோடு நேர்ந்துகொண்டு வருகிறார்கள். தேங்காய் வீசும்போது முன்னால் போய் நிற்காதீர்கள், ஓட்டுச் சில்லு பறந்து வரும். தண்ணீர்மலை மேலே இருக்கிற முருகன் கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். குழந்தைகளோடு போகிறவர்கள் இருட்டும் முன்பே ஏறி இறங்கிவிடுங்கள். ரதம் போகும் வழிகளில் சாலைகளை அடைத்துவிடுவார்கள் என்பதால் வண்டியை நம்பாமல் கனமான அடி உள்ள செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.